கண்ணாடிக்கு மேல் கண்ணாடி, காதில் டீ

மூக்குக்கண்ணாடி போட்டவனுக்கு வேறு கண் பாதுகாப்பு தேவையில்லை என்று நான் பதினோரு வருஷம் நம்பினேன். சும்மா நம்பவில்லை, பிரசாரம் செய்து நம்பினேன். கண்ணுக்கு முன்னால் இரண்டு வில்லைகள் காவல் நிற்கின்றன. இரும்புச் சில்லு வந்தால் அதில் முட்டிக்கொண்டு கீழே விழும். கண்ணாடி போடாத பாவப்பட்டவர்கள்தான் தனியாக ஒன்றைத் தேடிப் போட வேண்டும். இதுதான் என் கொள்கை.

காதுக்கும் ஒரு கொள்கை வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மெஷின் சத்தம் வலித்தது. இரண்டாம் வருஷம் அவ்வளவாக வலிக்கவில்லை. அதற்கப்புறம் வலியே இல்லை. ஆகவே உள்ளங்கையில் காய்ப்பு பிடிப்பது மாதிரி காதுக்குள்ளும் காய்ப்பு பிடித்துத் தேறிவிட்டது என்று முடிவு கட்டினேன். டீக்கடையில் இதை விளக்கும்போது சிலர் தலையாட்டியிருக்கிறார்கள். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நான் பல் வைத்தியன். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரியில், ரோலருக்குப் பல் வெட்டுவது என் வேலை. உங்கள் டம்ளரில் விழும் குருணைத் தூள் தானாக அப்படி ஆவதில்லை. கொழுந்து இரண்டு எஃகு ரோலர்களுக்கு நடுவே போய் நசுங்கி, கிழிந்து, சுருண்டு வருகிறது. அந்த ரோலரின் உடம்பு முழுக்கப் பொடிப் பொடியான பற்கள். சில நாள் ஓடினால் பல் மழுங்கும். மழுங்கினால் கொழுந்து கிழியாது, பிசையும். டீயில் ருசி போகும். அப்போது ரோலரைக் கழற்றி என் அறைக்கு அனுப்புவார்கள். நான் அதை மெஷினில் ஏற்றி, ஒவ்வொரு பல்லாகப் புதிதாக வெட்டி அனுப்புவேன். வெட்டும்போது எஃகுச் சில்லு சூடாகத் தெறிக்கும். சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், நாலு தகரக் கூரையை ஒன்றாக அடுக்கி வைத்து ஆணியால் கீறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நாள் முழுக்க நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெஷினில் பத்தொன்பது வருஷமாக நான்தான் நிற்கிறேன். எனக்கு உதவியாக இருப்பவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. வீட்டிலும் என்னைக் கண்காணிக்கிறார்கள், வேலையிலும் கண்காணிக்கிறார்கள் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை டீமேக்கர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். டீமேக்கர் என்றால் டீ போட்டுத் தருகிறவர் இல்லை. ஃபேக்டரி முழுவதும் அவர் பொறுப்பு. கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால்தான் மலையாளத்துக்குப் போவார். அன்றைக்குத் தமிழில் பேசியதால் நான் அசட்டையாக நின்றேன்.

"நம்ம டீயை வெளிநாட்டுக்கு வாங்குறவங்க ஆள் அனுப்பிச் சோதிக்கப் போறாங்க. இன்னும் பதினஞ்சு நாள். மெஷின்ல நிக்கிற எல்லாரும் கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு போட்டிருக்கணும். போட்டுக்கிட்டு வேலை செய்யத் தெரியணும்."

"சார், நான் ஏற்கெனவே போட்டிருக்கேனே" என்று என் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அது படிக்கிறதுக்கு."

"பாக்குறதுக்கும்தான் சார்."

"கேட்டுல நிக்கிற ஆள் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறார். தெரியுமில்ல? மெஷின்ல போட முடியாதவங்களுக்கு அங்க வேலை உண்டு. எனிக்கு வேற வழியில்லா."

மலையாளம் எட்டிப் பார்த்துவிட்டது. கண்ணாடியிலிருந்து கையை எடுத்தேன்.

கேட் வேலை கேவலமான வேலை என்று சொல்ல மாட்டேன். மூங்கில் கம்பைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். மூணாறுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி "ஃபேக்டரி பார்க்கலாமா?" என்று கேட்டால் கூடாது என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவர்களே போனை நம் கையில் கொடுத்து, தேயிலைச் செடிக்கு நடுவே அவர்களை நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். எடுக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் எஃகைக் கடித்தவன் இனிமேல் "கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க" என்று சொல்லிக்கொண்டு நிற்பதா? ஃபேக்டரியில் மெஷினில் நிற்கிறவர்களில் கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான். யாரைக் குறி வைத்துப் பேசினார் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். உள்ளே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, தலைக்கு மேல் வளைந்து இரண்டு காதையும் கவ்வும் ஒரு கவசம். மற்றவர்கள் எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போராடினேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் காலை பத்து மணிக்கு முன்னால் குரங்குக் குல்லாயைக் கழற்றுகிற ஆம்பளை கிடையாது. குல்லாய்க்கு மேல் மஃப்ளர். மஃப்ளர் மூக்கு வரைக்கும் ஏறியிருக்கும். இது குளிருக்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். குளிர் இல்லாத நாளிலும் போடுவோம். அது இல்லாமல் வெளியே வந்தால் ஏதோ மறந்துவிட்டு வந்தது மாதிரி இருக்கும். ஆகவே நான் எதையும் கழற்றவில்லை. குல்லாய், அதன்மேல் மஃப்ளர், மூக்குக்கண்ணாடி, அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேல் காதுக் கவசம்.

மெஷினைப் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் மூச்சு முழுக்க மஃப்ளர் வழியாக மேலே ஏறி, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி மூட்டம் இறங்கியது. ரோலர் தெரியவில்லை. என் கையே தெரியவில்லை. கவசம் என் கண்ணாடியின் தடித்த காம்பை மண்டையோடு சேர்த்து அழுத்த, காதுக்குப் பின்னால் குறடு வைத்துப் பிடித்த மாதிரி வலி. இவ்வளவு வலிக்கும் சத்தமாவது குறைந்ததா என்றால் இல்லை. கம்பளிக் குல்லாய்க்கும் கண்ணாடிக் காம்புக்கும் மேலே உட்கார்ந்த கவசம் எங்கே ஒட்டும்? சுற்றிலும் சந்து. சத்தம் ராஜபாட்டையாக உள்ளே வந்தது.

கதவைத் திறந்துகொண்டு மச்சினன் வந்தான். என்னைப் பார்த்தான். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்த்தான்.

"அத்தான், நிலாவுக்குக் கிளம்பிட்டீகளா? அக்காகிட்ட சொல்லிட்டீகளா?"

"சும்மா போலே. ஒண்ணும் தெரியல."

"தெரியாமத்தான் மெஷின ஓட்டுறீகளா? ரோலரு அங்கிட்டு இருக்கு. நீங்க செவுத்தப் பாத்துல்ல நிக்கிறீக."

புதன்கிழமை எனக்கு ஓர் அருமையான யோசனை வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் போட்டால்? பனி கொஞ்சம் குறையும், வலி இல்லை. தெளிவாகச் சிந்தித்த மனிதனின் கம்பீரத்தோடு மெஷின் அளவுகோலைப் பார்த்தேன். மூன்றா எட்டா என்று தெரியவில்லை. எட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து திருப்பினேன். அது மூன்று. மச்சினன் பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்திராவிட்டால் ஒரு நல்ல ரோலர் அன்றைக்குப் பொக்கை வாயாகியிருக்கும். என் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, என் மூக்கில் மாட்டிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

கண் விவகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் காதையாவது வெல்வோம் என்று வியாழக்கிழமை இறங்கினேன். கவசம் வேண்டாம், காதுக்குள் எதையாவது அடைத்தால் காம்பு வலிக்காதே! எதை அடைப்பது? தேயிலை சலிக்கும் அறையில் தூளிலிருந்து பிரிந்து ஒருவிதப் பஞ்சு ஒதுங்கும். பழுப்பாக, பூனை முடி மாதிரி மெத்தென்று இருக்கும். கூட்டி மூட்டையில் கட்டுவார்கள். இத்தனை வருஷம் இது யார் கண்ணிலும் படவில்லையே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கைப்பிடி அள்ளி வந்தேன். உருட்டினால் உதிர்ந்தது. ஃபிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் வெந்நீர் தொட்டேன், அழகாக உருண்டது. இரண்டு உருண்டை, ஆளுக்கொரு காது, மேலே குரங்குக் குல்லாய்.

தேயிலையில் வெந்நீர் ஊற்றி மூடி வைப்பதற்கு என்ன பெயர் என்று, தேயிலை ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம். விரலைப் பார்த்தேன், செம்பழுப்பு. வெள்ளை மஃப்ளரின் வலது பக்கம் முழுக்க அதே நிறம்.

அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். மூளையைச் சுற்றி நீர் இருக்கிறதாம், அது காது வழியாக வடிந்தால் கதை முடிந்ததாம். நான் அதைப் பதினாலு பேருக்கு அனுப்பி, கீழே கைகூப்பும் படமும் போட்டிருந்தேன்.

மெஷினை அணைத்தேனா இல்லையா என்று நினைவில்லை. ஃபேக்டரிக்குக் கீழே இருக்கும் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மிச்ச மூளையாவது உள்ளே இருக்கட்டும் என்று. வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், "அண்ணே, என்னாச்சு?" என்று கேட்டார்கள். "பிள்ளைகள பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைவிட உயரம். கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறார்கள்.

டிஸ்பென்சரியில் இருந்த நர்ஸ் சிஸ்டர் மலையாளி, நிதானமானவர். என்னை உட்கார வைத்து, சின்ன இடுக்கியால் முதலில் இடது, பிறகு வலது காதிலிருந்து உருண்டையை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"சேட்டா, இது சாயா."

"என்ன சிஸ்டர்?"

"சாயா. டீ. கடுப்பமா இருக்கு, ஸ்ட்ராங். பால் ஊத்தட்டே?"

சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் உயிர் பிழைத்த சந்தோஷத்தில் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பை நிறுத்தியவர் அவர்தான். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னா இத்தனை குத்து? புள்ளி?"

"அது கண்ணுல இருக்கு சிஸ்டர். ஆறு மாசமாப் புள்ளி புள்ளியாத் தெரியுது. புரை விழுந்திருச்சு போல. யார்கிட்டயும் சொல்லல."

"இப்பப் பாருங்க. புள்ளி இருக்கா?"

ஜன்னலைப் பார்த்தேன். எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் ஒரு புள்ளிகூட இல்லை. அவர் கண்ணாடியைத் திருப்பித் தந்து விரலால் தடவச் சொன்னார். வலது வில்லையில் பொடிப் பொடிக் குழிகள். எண்ணினேன், பதினேழு. ஒன்று மட்டும் ஆழமாக, அதிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பி நடுவே நின்றிருந்தது. அது சரியாகக் கண்மணிக்கு நேரே.

அதாவது நான் பிரசாரம் செய்த காவல்காரன் பதினேழு அடி வாங்கி, பதினெட்டாவதற்கு உடைந்து என் கண்ணுக்குள்ளேயே விழத் தயாராக நின்றிருக்கிறான். இது படிப்பதற்கான கண்ணாடி என்று டீமேக்கர் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. பக்கவாட்டில் வேறு ஒன்றுமே இல்லை, திறந்த வீடு.

"காதையும் பாக்கட்டே" என்றார் சிஸ்டர். "வீட்டுல டிவி சத்தம் கூட்டி வைக்கிறதா?"

"என் சம்சாரம் அப்படித்தான் சொல்றா. அவ மெதுவாப் பேசுறா, அதான் பிரச்சினை."

"வெளியே சில்வண்டு கேக்குதா?"

"சில்வண்டா? அதெல்லாம் போய் ரெண்டு வருஷமாச்சு சிஸ்டர். ஊரே சூடாயிருச்சுல்ல." இதையும் நான் டீக்கடையில் விரிவாகப் பேசியிருக்கிறேன். மலை மாறிவிட்டது, சில்வண்டுகள் வேறு பக்கம் போய்விட்டன என்று. ஒருவர்கூட மறுத்ததில்லை. அல்லது மறுத்திருக்கலாம்.

சிஸ்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு என் வலது காதைத் தன் உள்ளங்கையால் மூடி, இடது காதை ஜன்னலுக்கு நேராகத் திருப்பினார். "சும்மா இரிக்கு" என்றார். சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிசாக, அடுத்த மலையில் கேட்பது மாதிரி, கிர்ர்ர் என்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற சில்வர் ஓக் மரத்தில் அவை இருந்தன. இரண்டு வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

பிறகு இடது காதை மூடி, வலது காதைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் பக்கம் எப்போதும் நிற்கும் காது அது.

"போனது வராது" என்றார். "இருக்கிறதைப் போக விடாம நோக்கணும். டாக்டரை ஒரு தடவை காட்டுங்க."

இப்போது பயம் வேறு மாதிரி வந்தது. ஓட வைக்கும் பயம் இல்லை, உட்கார வைக்கும் பயம்.

அதை அவர் பார்த்திருக்க வேண்டும். அலமாரியிலிருந்து, யாரும் தொடாமல் கிடந்த ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன நுரை அடைப்பான்கள். அதை எப்படிப் போடுவது என்று காட்டினார். விரலால் நன்றாக உருட்டி மெல்லிசாக்க வேண்டும். எதிர்ப் பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். சட்டென்று உள்ளே விட்டு, அது ஊதி நிறையும் வரை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளையாருக்குப் பாதித் தோப்புக்கரணம் போட்ட மாதிரி. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, இரண்டு கையாலும் காதைப் பொத்திப் பொத்தித் திறக்க வேண்டும். பொத்தினாலும் திறந்தாலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் வேலை முடிந்தது. கண்ணாடிக் காம்புக்கும் இதற்கும் சண்டையே இல்லை. காம்பு வெளியே, அடைப்பான் உள்ளே.

பழைய கண்ணாடியை அன்றைக்கே ஓரம் கட்டினேன். மூணாறில் புதியது செய்யக் கொடுத்தேன்: மெல்லிய, தட்டையான கம்பிக் காம்பு, எளிதில் உடையாத பிளாஸ்டிக் வில்லை. பாதுகாப்புக் கண்ணாடியிலேயே என் பவரைப் போட்டுச் செய்து தர முடியுமாம், ஆனால் நாலு வாரம் ஆகும் என்றார்கள். என்னிடம் பத்துப் பதினோரு நாள்தான் இருந்தது. ஆகவே மேலே போட ஒன்று தேட வேண்டும்.

புதிய கண்ணாடி கைக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை அடிமாலிக்குப் பஸ் ஏறினோம். வெல்டிங் சாமான் விற்கும் கடை. என் மனைவியும் வந்தாள். டீ வடிந்த கதை எங்கள் எஸ்டேட் வீட்டு வரிசையான லயம் முழுக்கப் பரவியிருந்ததால் இனிமேல் என்னைத் தனியே எதையும் தேர்ந்தெடுக்க விடுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

நான் முதலில் எடுத்தது ஸ்டைலாக இருந்தது. "வேண்டாம்" என்றாள். பக்கத்தில் வந்து, என் நெற்றிப்பொட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆள்காட்டி விரலை விட்டு ஆட்டினாள். "விரலே போகுது. சில்லு போகாதா?" இரண்டாவது, உள்ளே இருக்கும் காம்பை நசுக்கியது. மூன்றாவது குனிந்ததும் மூக்கிலிருந்து சறுக்கியது. கடைக்காரர் முன்னாலேயே என்னைக் குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னாள், வாயில் ஏதோ இருப்பதாக நினைத்து மெல்லச் சொன்னாள். கடைக்கு வந்த இரண்டு பேர் என்னை ஏதோ வைத்தியத்துக்குக் கூட்டி வந்திருப்பதாக நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

ஐந்தாவதில் நின்றோம். அகலமான கூடு, கண்ணாடி போட்டவர்களுக்கென்றே செய்தது. காம்பு போகும் இடத்தில் பள்ளம் விட்டிருந்தார்கள். தலைக்குப் பின்னால் ரப்பர் பட்டை. காற்றுப் போக ஓட்டைகள் இருந்தன, ஆனால் நேர் ஓட்டை இல்லை, மேலே மூடி போட்டிருந்தது. காற்று வளைந்து போகலாம், சில்லு வளைந்து போகாது. உள்பக்கம் பனி பிடிக்காத பூச்சு.

"விரல் போகல" என்றாள் சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டு. "கீழ எழுத்து தெரியுதா?" என்று பஸ் டிக்கெட்டை நீட்டினாள். என் கண்ணாடியில் கீழ்ப்பாதி கிட்டத்தில் பார்ப்பதற்கு. அது மறைந்துவிட்டால் மறுபடி மூன்று எட்டாகிவிடும். தெரிந்தது.

"இன்னொண்ணு" என்றாள். "மெஷின்ல நிக்கும்போது அந்த மஃப்ளரு மூக்குக்கு மேல ஏறக் கூடாது. குல்லாயும் காதுக்கு மேல சுருட்டிக்கணும்."

"குளிருமே."

"கேட்டுல நின்னா இன்னும் குளிரும்."

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். அவள் மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது இரண்டையும் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மிக்ஸி எங்கோ தூரத்தில் ஓடியது. அவள் வாய் அசைந்தது. நான் புன்னகையோடு தலையாட்டினேன். நெடுங்காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஒற்றுமை. அவள் கையை நீட்டி என் இடது காதிலிருந்து அடைப்பானைப் பிடுங்கினாள்.

"கேஸு தீந்துபோச்சு, சிலிண்டர மாத்துங்கன்னு மூணு தரம் சொல்லிட்டேன். சிரிச்சுக்கிட்டு நிக்கிறீக!"

எல்லாம் சரி, ஒரு பயம் மட்டும் பாக்கி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் வெட்டுவது பாதி கண்ணால், பாதி காதால். வெட்டும் உளி மழுங்கினால் சத்தம் மாறும். காதை அடைத்துவிட்டால் அது எப்படித் தெரியும்? பாதுகாப்பு எல்லாம் போட்டுக்கொண்டு ரோலரைப் பாழாக்கினால் அப்போதும் கேட்தான்.

திங்கட்கிழமை மெஷின் முன்னால் நின்றேன். குல்லாயைச் சுருட்டினேன், மஃப்ளரைக் கழுத்துக்கு இறக்கினேன், இரண்டு காதுக்கும் பாதித் தோப்புக்கரணம், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி. சுவிட்சைப் போட்டேன். தகரக் கூரைகள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. அந்த இரைச்சல் அடங்கியதும் அதற்குள் ஒளிந்திருந்த ஒரு சின்னச் சத்தம் வெளியே வந்தது. உளி எஃகைச் சீவும் சத்தம், ஸ்ஸ்ஸ் என்று, வாழைத்தண்டு நறுக்குவது மாதிரி. அது கைப்பிடி வழியாக உள்ளங்கையிலும் வந்தது. இத்தனை வருஷம் நான் கேட்டதாக நினைத்தது கூச்சலைத்தான்.

நாலாவது ரோலரில் ஏதோ சரியில்லை. சீவவில்லை, உரசியது. மணிக்கட்டில் ஒரு நடுக்கம். மெஷினை நிறுத்தி உளியைக் கழற்றினேன். முனை மழுங்கல். நான் காலையில் தீட்டி வைத்தது அது இல்லை. திரும்பிப் பார்த்தேன். மச்சினன் சுவரில் சாய்ந்துகொண்டு பல்லைக் காட்டினான்.

"நீதானல மாத்துன?"

"சும்மா பாத்தேன் அத்தான். காத அடச்சுக்கிட்டு எத்தன ரோலர நாசம் பண்ணுவீகன்னு. ஒரு இழுப்புலயே பிடிச்சிட்டீகளே!"

"பல் டாக்டருல."

"காதுல டீ போட்டுக் குடிக்கிற டாக்டரு" என்றான். ஆனால் மரியாதையாகச் சொன்னான்.

சோதிப்பவர் சொன்ன நாளில் வந்தார். அவர் முன்னால் பேசுவதற்காக நான் மூன்று நாளாக ஒரு சொற்பொழிவு தயாரித்து வைத்திருந்தேன், வரவேற்பு, விளக்கம், நன்றியுரை உட்பட. காலையிலிருந்து நாலு தடவை பாத்ரூம் போனேன். அவர் உள்ளே வந்ததும் சொற்பொழிவு முழுவதும் மறந்துபோயிற்று. ஏனென்றால் அவரும் மூக்குக்கண்ணாடி போட்டவர். அதன்மேல், வருகிறவர்களுக்கு வாசலில் கொடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. மூணாறு பஜாரில் வாங்கிய புது மஃப்ளர் மூக்கு வரைக்கும் ஏறியிருந்தது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி மூட்டம். மனுஷன் தடவிக்கொண்டு வந்து, என்னை விட்டுவிட்டு ரோலரிடம் கை குலுக்கப் போனார்.

டீமேக்கர் பதறினார். நான் முன்னால் போய், என் மஃப்ளரைத் தொட்டுக் காட்டி, கழுத்துக்கு இறக்கிக் காட்டினேன். அவர் தன்னுடையதை இறக்கினார். பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தேன். துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை முதல்முறையாகப் பார்த்தார். பிறகு என் முகத்தில் இருந்ததை அதிக நேரம் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"எங்கே கிடைச்சதுன்னு கேக்கறார்" என்றார் டீமேக்கர்.

"அடிமாலி. என் சம்சாரம் செலக்‌ஷன்னு சொல்லுங்க சார்."

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடச் சொன்னார். போட்டேன். காதைப் பொத்தித் திறந்து பார்த்தேன். மெஷினை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன்.

மூன்றாவது இழுப்பில் ஒரு சில்லு பிய்த்துக்கொண்டு வந்து என் வெளிக்கண்ணாடியின் வலது பக்கத்தில் அடித்துக் கீழே விழுந்தது. நெல் நீளத்துக்கு ஒரு கீறல். உள்ளே இருந்த மூக்குக்கண்ணாடிக்கும் கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் கிட்டே வந்து கீறலைப் பார்த்தார், தாளில் ஒரு டிக் போட்டார், அடுத்த அறைக்குப் போனார். நான் சாப்பாட்டு மணிக்கு முன்னால் அந்த ரோலரை முடித்தேன்.